செங்கோட்டை நண்பருக்கு: எஞ்சினை இறக்குறதுக்கு முன்னாடி

அண்ணே, பழைய மாருதி 800, ராத்திரிக்கு நாலஞ்சு சொட்டு ஆயில், மெக்கானிக் எஞ்சினை இறக்கணும்கிறார்னு எழுதியிருக்கீங்க. இப்போதைக்கு ஒத்துக்காதீங்க. கீழே சொட்டுற ஆயில் பல நேரம் மேலேயிருந்து வழிஞ்சு வந்ததாத்தான் இருக்கும். எஞ்சின் ஆறினதும் நல்லா துடைச்சு, புளியரை மலைப்பாதை வழியா ஆரியங்காவு வரைக்கும் வண்டியை ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈரம் தொடங்குற மேல் இடம்தான் கசிவு. டேப்பட் கவர், அதான் எஞ்சினோட மேல் மூடி, அதோட ஓரம்னா ரப்பர் பேக்கிங் இறுகிப் போயிருக்கும், புதுசு மாத்துங்க. போல்ட்டை முறுக்கித் தள்ளாதீங்க, பேக்கிங் நசுங்கி இன்னும் ஒழுகும். எஞ்சினுக்குள்ளே சேர்ற வாயுவை வெளியேத்துற பிசிவி வால்வு அடைச்சிருக்கான்னும் பாருங்க, உள்ளே காத்து அழுத்தம் ஏறினா புதுப் பேக்கிங்கும் தாங்காது. சைலன்சர் பக்கம் ஆயில் கருகுற வாசனை வந்தா வண்டியை எடுக்கவே வேண்டாம், தீப்பிடிக்கலாம். கசிவு சரியாகுற வரை தினமும் காலையில டிப் ஸ்டிக்கை, அதான் ஆயில் அளவு காட்டுற கம்பியை, எடுத்துப் பாருங்கண்ணே.