மறு: "ஓம்" என்கிறார்கள், ஆனால் வேலை நடக்கவில்லை

தம்பி, கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் புதிதாக லைன் சூப்பர்வைசர் ஆனதாகவும், உங்களைவிட மூத்த அக்காமார் "ஓம்" சொல்லிவிட்டுப் பழையபடியே தைப்பதாகவும், நீங்கள் எல்லார் முன்னும் ஏசிய பிறகு இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் அந்த இருவரிடமும் நீங்களே தனியாகக் கதையுங்கள். ஏசினது எல்லார் முன்னும் என்றால் மன்னிப்பும் அப்படித்தான். காலையில் மெஷின் ஓடத் தொடங்க முன் ஒரு வசனம் போதும். மரியாதை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"விளங்கிச்சோ?" என்று கேட்பதை விடுங்கள். அதற்கு எங்கட ஆட்கள் ஒருநாளும் "இல்லை" சொல்ல மாட்டார்கள். "அக்கா, இந்தக் கொலரை எப்படிப் பிடிக்கப் போறீங்கள், ஒருக்கா காட்டுங்கோ" என்று கேளுங்கள். பிழை அங்கேயே தெரியும். டார்கெட் விழுந்தால் எல்லாரையும் விரட்டாதீர்கள். லைனில் துணி மெஷினுக்கு மெஷின் கைமாறிப் போவதால், லைனின் வேகம் ஆக மெதுவான மெஷினின் வேகம்தான். மற்றவர்கள் வேகமாகத் தைத்தால் அந்த மெதுவான மெஷின் முன்னால் துணிக் கட்டுகள் குவியும், அவ்வளவுதான். அங்கே போய் நின்று பாருங்கள், ஊசியா, நூலா, ஆளா என்று.

லீவு வேறு கதை. காலபோகம், அதாவது மாரி மழைக்கு விதைத்த நெல், அரிவி வெட்டுக்கு வந்தால் வயல் உள்ள வீட்டுக்காரர் வேலைக்கு வராமல் நிற்கத்தான் செய்வார்கள். தை பிறக்க முன்பே யாருக்கு எந்தக் கிழமை வேண்டும் என்று கேட்டு எழுதி, மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள்.