சிறிய திறந்தமூல லைப்ரரிக்கு முதலில் எழுத வேண்டியது ஆவணமா, தானியங்கிச் சோதனையா?

வேலை நேரம் போக மிஞ்சும் நேரத்தில் ஒரு பைத்தான் லைப்ரரியைத் தனியாளாகப் பராமரிப்பதாகவும், ஆவணம், தானியங்கிச் சோதனை ஆகிய இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் கிடைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாகவே எழுதிவிடுங்கள் என்பது என் பதில். ஆவணத்தில் காட்டும் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் இயங்கக்கூடிய சோதனைகளாகவும் இருக்கட்டும். இதற்கான டாக்டெஸ்ட் என்னும் கருவி 2001 முதல் பைத்தானுடனேயே வருகிறது. எடுத்துக்காட்டு வரியை இயக்கிப் பார்த்து, கிடைக்கும் விடையை நீங்கள் கீழே எழுதி வைத்திருக்கும் விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே அதன் வேலை. நிரல் மாறி ஆவணம் பழசாகிப் போனால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

நாகர்கோவிலில் இருந்து நான் பராமரிப்பது தமிழ் ஊர்ப்பெயர்களைத் தேடும் லைப்ரரி. எங்கள் மாவட்டத்தில் உள்ள 'கொல்லங்கோடு' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் 6 எழுத்து. மெய்ப்புள்ளி, கொம்பு போன்றவற்றையும் தனியாகக் கணக்கிடும் பைத்தான் எண்ணினால் 11 யூனிகோடு குறியீடுகள். அதே பெயரில் 'கொ'வின் ஒற்றைக்கொம்பும் காலும், 'கோ'வின் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வந்தால் 13 ஆகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும் தேடலில் பொருந்தாது. இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்னும் யூனிகோடு வடிவத்துக்கு இரண்டையும் மாற்றிய பிறகே பொருந்தும். எங்கள் ஆவணத்தின் முதல் எடுத்துக்காட்டே இதுதான். பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவதைவிட 11, 13 என்ற இரண்டு எண்களைக் காட்டினால் புதிதாக வருபவர் உடனே புரிந்துகொள்கிறார்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இத்தகைய சோதனை தோற்கும்போது, எதிர்பார்த்த விடையும் கிடைத்த விடையும் திரையில் அச்சு மாறாமல் ஒன்றாகவே தெரியும். எங்கே பிழை என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விளங்காது. ஆகவே இத்தகைய இடங்களில் சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, அப்படியே அச்சிடாமல், அதன் நீளத்தையோ, பைத்தானின் ஆஸ்கி (ascii) செயற்கூறு தரும் குறியீட்டு எண்களையோ விடையாக எழுதுங்கள்.

வெற்றுச் சரம், ஆங்கிலம் கலந்த பெயர், அறுபட்ட உயிர்மெய் போன்றவற்றையெல்லாம் ஆவணத்தில் திணித்தால் படிப்பவர் சலித்துப்போவார். அவற்றுக்குப் பைடெஸ்ட் என்னும் சோதனைக் கருவியில் தனிக் கோப்பு போதும். யாராவது வழு ஒன்றைச் சொன்னால், அந்த வழுவால் தோற்கும் சோதனையை முதலில் எழுதிவிட்டுப் பிறகு நிரலைத் திருத்துங்கள்.

கிட்ஹப் தளத்தில் யாரும் பார்க்கும்படி நிரலை வைத்திருக்கும் பொதுக் களஞ்சியங்களுக்கு, அதன் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் இலவசம் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இந்தச் சோதனைகள் தாமாகவே ஓடும்படி அமைத்துவிடலாம். லினக்ஸோடு நிறுத்தாமல் விண்டோஸிலும் ஓட்டுங்கள். இங்குள்ள பொறியியல் கல்லூரி மாணவர்கள் பலரிடம் இருப்பது விண்டோஸ் மடிக்கணினிதான். அதில் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகள் கோப்பில் சேமிக்கப்பட்ட முறையை, குறிப்பிடாமல் கோப்பைத் திறந்தால், பரவலாகப் புழங்கும் பைத்தான் பதிப்புகள் அதைத் தமிழுக்கும் பொருந்தும் யூடிஎஃப்-8 குறியாக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை, தமிழ் சிதைந்துவிடும். கோப்பைத் திறக்கும் இடங்களில் எல்லாம் குறியாக்கத்தைக் குறிப்பிடுங்கள், ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளிலும் அப்படியே எழுதுங்கள். மாணவர்கள் அந்த வரிகளைத்தான் படியெடுத்துத் தங்கள் நிரலில் ஒட்டுகிறார்கள்.