குரோக் மெஸ்யேயை நாள்தோறும் உண்ணலாமா?

தம்பி, வேலையிடத்துக்கு அருகிலுள்ள கப்பேயில் (சிற்றுண்டிக் கடையில்) எல்லோரும் மதியத்தில் உண்ணும் குரோக் மெஸ்யே என்ற பிரெஞ்சுச் சாண்ட்விச்சில் என்ன இருக்கிறது, அதையே நாள்தோறும் உண்டால் உடம்புக்கு ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். பாரிசுக்கு வந்த புதிதில் கப்பேச் சமையலறை ஒன்றில் அதைத் தினமும் செய்து கொடுத்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

'குரோக்' என்பது மொறுமொறுவெனக் கடிப்பதைக் குறிக்கும். 'மெஸ்யே' என்றால் ஐயா. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் 1919இல் வெளியான தமது நாவலிலேயே இதைக் குறிப்பிடுகிறார். மேலே பொரித்த முட்டை வைத்தால் அது குரோக் மதாம்.

இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவே ஜம்போனும் துருவிய சீஸும் வைத்து, வெண்ணெய், கோதுமை மா, பால் மூன்றையும் காய்ச்சிய பெஷமெல் குழம்பை மேலே பூசி, மறுபடி சீஸ் தூவி, ஆங்காங்கே பழுப்புப் புள்ளி விழும்வரை மேல் அனலில் வாட்டுவார்கள். ஜம்போன் என்பது பன்றித் தொடை இறைச்சி. அதை எடுத்துவிட்டால் சைவமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்; கொம்தே, குருயேர் போன்ற சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியால்தான் உறைய வைக்கிறார்கள்.

ஒன்றில் ஏறத்தாழ 500 கலோரியும் 25 கிராம் புரதமும் இருக்கும். சீஸ் 40 கிராம் போட்டால் அதிலேயே 400 மில்லிகிராம் அளவு கல்சியம் கிடைக்கும். கவலை உப்பைப் பற்றியது: உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்ணச் சொல்லும்போது, இதில் மட்டும் 2 கிராம் அளவு சேர்ந்துவிடுகிறது. மேலும், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென அந்நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. பிரெஞ்சுப் பொதுச் சுகாதார அறிவுரை அதை வாரத்துக்கு 150 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. 40 கிராம் ஜம்போன் வைத்த குரோக்கை நாள்தோறும் உண்டால் நான்காம் நாளே அந்த அளவு தாண்டிவிடும். நானும் ஏழு வருடம் வேலையிடத்தில் மிஞ்சியதையே மதிய உணவாக்கியவன். இரத்த அழுத்தம் கூடிப் போனபோது மருத்துவர் முதலில் கேட்டதே, வாரத்தில் எத்தனை நாள் ஜம்போன் உண்கிறீர்கள் என்பதைத்தான்.

ஆகவே கப்பேயில் வாரத்துக்கு ஒருமுறை, பச்சைச் சாலட்டுடன் உண்ணுங்கள். மற்ற நாளில் ஆசை வந்தால் தவிட்டுப் பாணில், ஜம்போனுக்குப் பதிலாக வதக்கிய காளான் வைத்து வீட்டில் செய்யுங்கள். 25 கிராம் வெண்ணெயில் 25 கிராம் மாவைப் பச்சை வாசம் போகக் கிளறி, 250 மில்லிலீற்றர் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றினால் நால்வருக்குப் பெஷமெல் தயார். சீஸில் உப்பு இருப்பதால் வேறு உப்புப் போட வேண்டாம். சாதிக்காயை மட்டும் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் முழுதாக வாங்கி, அப்போதே சுரண்டிச் சேருங்கள்.