கையடக்க வானொலிக்கு வேறொரு 6 வோல்ற் அடப்டரைச் செருகலாமா?

முனைவை, அதாவது + எந்தப் பக்கம், − எந்தப் பக்கம் என்பதைப் பார்க்கும்வரை செருகாதீர்கள். உங்கள் வானொலியின் அடப்டர் தொலைந்துவிட்டது, வீட்டில் கிடந்த இன்னொன்றிலும் 6 வோல்ற் என்றே அச்சிடப்பட்டுள்ளது, செருகியும் துளைக்குள் இறுக்கமாகப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் எதுவுமே நேர் (+) எந்தப் பக்கம், மறை (−) எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாது. உருளைச் செருகியில் நடுத்துளை ஒரு முனை, வெளிவளையம் மற்றையது. இன்றைய கருவிகளில் பெரும்பாலும் நடுவே நேர்தான். ஆனால் கசியோவின் பழைய கீபோட்டுகளிலும் கித்தாருக்கான எபெக்ட் பெடல்களிலும் பழைய வானொலிகள் பலவற்றிலும் நடுவே மறை இருக்கும்.

கிளிநொச்சியில் சிறிய திருத்தகம் ஒன்றை நடத்துபவன் என்பதால் இதை அடிக்கடி காண்கிறேன். வட்டக்கச்சிப் பக்கமிருந்து ஓர் ஐயா, சுவிஸிலிருந்து மகள் அனுப்பிய சிற்றலை வானொலியையும் பழைய சீடிஎம்ஏ (கம்பியில்லா வீட்டுத்) தொலைபேசியின் அடப்டரையும் கொண்டுவந்து, "செருகிப் பாடவிட்டுக் காட்டு தம்பி" என்றார். அளந்து பார்க்காமல் செருக மாட்டேன் என்றதும், காசு பறிக்க வழி தேடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் கறுத்துவிட்டது. பற்றரி மூடியைக் கழற்றி, கசிந்து காய்ந்திருந்த உப்பைத் துடைத்தபோதுதான் அடியில் அந்தச் சிறிய படம் தெரிந்தது: நடுவில் புள்ளி, அதைச் சுற்றி அரைகுறை வட்டம், புள்ளியிலிருந்து போகும் கோட்டின் நுனியில் மறைக்குறி. அடப்டரின் நடுத்துளையில் பல்மானியின் (மல்ரிமீற்றர்) சிவப்பு முனையையும் வெளிவளையத்தில் கறுப்பு முனையையும் வைத்தேன். எண்ணுக்கு முன்னால் மறைக்குறி வரவில்லை. அதாவது நடுவே நேர். வோல்ற்றளவும் செருகியும் பொருந்தி, முனைவு மட்டும் நேரெதிர். வயரை இடையில் வெட்டி, இரு கம்பிகளையும் மாற்றிப் பற்றவைத்து, மீண்டும் அளந்து காட்டிய பின்னரே செருகினேன்.

இது வீண் பயம், தாம் பல காலமாக எதையும் பாராமல் செருகி வருவதாகச் சிலர் கீழே எழுதக்கூடும். அவர்களுக்கு நல்லதிர்ஷ்டம் இருந்திருக்கிறது. 1990 இற்குப் பின் போர்க்காலம் முழுவதும் வன்னியின் பெரும்பகுதிக்கு மின்வழங்கல் இருக்கவில்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாக இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்னில் செய்தி கேட்டோம். டைனமோ தருவது திசை மாறிமாறி ஓடும் ஆடலோட்டம் (ஏசி) என்பதால் இடையில் மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் இருவாயி (டயோட்) வைக்க வேண்டும்; அதன் வெள்ளிக் கோடு எந்தப் பக்கம் என்று பாராமல் பொருத்தினால் நேரும் மறையும் இடம்மாறிவிடும். எரிந்த பெட்டிக்கு மாற்றுப் பெட்டி கிடையாத காலத்தில் பழகிய கை இது, பழம்பெருமை என்று யாரேனும் நினைத்தாலும் சரி.

உங்கள் வானொலியிலும் அந்தப் படத்தைத் தேடுங்கள். துளையருகிலோ பற்றரி மூடிக்குள்ளோ இருக்கும். அடப்டரில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், பல்மானியை நேரோட்ட (டிசி) 20 வோல்ற் வீச்சில் வைத்து, இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாதபடி அளந்து பாருங்கள். படமே இல்லாத மலிவு அடப்டர்களும், படம் ஒன்றும் உள்ளே வேறொன்றுமாக வந்தவைகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றை விற்ற கடைக்காரரிடம் கேட்டால் "எல்லாம் ஒண்டுதான்" என்பதே பதில். நிலைமாற்றி (ட்ரான்ஸ்போமர்) உள்ள பாரமான பழைய அடப்டர், கருவி எதையும் இணைக்காமல் அளக்கையில் 6 இற்குப் பதிலாக 8 அல்லது 9 காட்டலாம். அது பழுதன்று, ஆயினும் நுணுக்கமான கருவிக்கு அதைத் தவிர்ப்பது நல்லது. அம்பியர் அளவு கேட்டதைவிடக் கூடியிருக்கலாம், குறையக் கூடாது. யூஎஸ்பி வழியாக மின்னேற்றும் கைத்தொலைபேசிக்கு இந்தக் கவலை இல்லை.

ஏற்கனவே மாறிச் செருகிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்றால், அடப்டரைக் கழற்றிவிட்டுப் பற்றரியில் போட்டுப் பாருங்கள். பாடினால் பெரும்பாலும் தப்பிவிட்டது. பாடாவிட்டால், செருகுதுளைக்கு அருகில் பாதுகாப்புக்கென வைத்த இருவாயி இருக்கிறதா, அது குறுக்குச்சுற்றாகிவிட்டதா (ஷோட்) என்று முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். அது சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள். அதைத் தொட்டுப் பாராமலே முழுப் பலகையும் போய்விட்டது என்று சொல்லும் திருத்துநரிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.