‘பேக் டு தி ஃபியூச்சர்’ படங்களுக்கு நான்காம் பாகமோ மறுஆக்கமோ தேவையா?

தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. 1985, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த இந்த மூன்று ஹாலிவுட் படங்களும், காலப்பயணம் செய்யும் மார்ட்டி என்ற இளைஞனின் ஒரே கதையைச் சொல்லி நிறைவு செய்துவிட்டன. மூன்றாம் படத்தின் முடிவில் கால இயந்திரமான டெலோரியன் கார் ரயில் மோதி நொறுங்குகிறது. சீண்டியவனின் கார்ப் பந்தய அழைப்பைத் தவிர்த்து மார்ட்டி தன் எதிர்காலத்தையே மாற்றிக்கொள்கிறான்.

புதிதாக எடுக்கலாமே என்பவர்கள், முதல் படத்தின் திரைக்கதை எவ்வளவு நுட்பமாக நெய்யப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் வணிக வளாகத்தின் பெயர்ப்பலகை ‘இரட்டைப் பைன்’ என்கிறது. காலத்தில் பின்னோக்கி 1955-க்குச் செல்லும் மார்ட்டி அங்கே ஒரு பைன் மரக்கன்றின் மீது காரை ஏற்றிவிட, அவன் திரும்பி வரும்போது அதே பலகையில் ‘ஒற்றைப் பைன்’ என்று இருக்கிறது. எந்தப் பாத்திரமும் இதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. பார்வையாளர் மீது இத்தனை நம்பிக்கை வைத்த எழுத்தைத் திரும்ப எழுதி மேம்படுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ட்டியாக நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-இல் உடல் அசைவுகளைப் பாதிக்கும் பார்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. அவரில்லாத தொடர்ச்சியை ரசிகர்கள் ஏற்பது கடினம். இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸும் அவருடன் திரைக்கதை எழுதிய பாப் கேலும் மறுஆக்கத்தைத் தொடர்ந்து மறுத்து வருகிறார்கள். அதே நேரத்தில், பாப் கேல் எழுதிய இசை நாடகம் 2020-இல் மான்செஸ்டரில் மேடையேறியது. படங்களைத் தொடாமல் கதையை வேறொரு கலைவடிவுக்குக் கொண்டுசென்ற அந்த வழியை நான் மனதார வரவேற்கிறேன்.