பொழுது போனதுபோல இருக்குமா, தம்பி?

கேள்வி: முக்கூடல் வட்டாரத்தில் ஒரு நாளிதழுக்கு ஒன்பது ஆண்டுகளாகப் பகுதி நேர நிருபராக இருக்கிறேன். வயது 34. அப்பா இல்லை, வீட்டில் அம்மா, தங்கை, நான். செய்தியாளர்களுக்கான பயிலரங்குகளுக்கு மூன்று முறை விண்ணப்பித்தும் இடம் கிடைக்கவில்லை. ஒருமுறை மட்டும் இணையவழி நேர்காணல் வரை சென்றேன். பீடி சுற்றும் பெண்களுக்கு இலை குறைவாகக் கொடுக்கப்படுவது பற்றி நான் அனுப்பியிருந்த செய்தியைக் காட்டி, ‘இதற்காக எத்தனை பேரிடம் பேசினீர்கள்?’ என்று தமிழிலேயே கேட்டார்கள், தடுமாறிவிட்டேன். ஆங்கிலம் பிரச்சினையில்லை. எம்.ஏ. ஆங்கிலம் படித்த தங்கை வீட்டில் பீடி சுற்றுகிறாள். விண்ணப்பங்களை அவளே இரவில் எழுதித் தந்துவிடுவாள், அவளுக்கும் பொழுது போனதுபோல இருக்கும். கிராமத்து நிருபர் என்பதால் ஒதுக்குகிறார்களா? அடுத்த விண்ணப்பத்தில் எதை மாற்ற வேண்டும்? (கடைசி விண்ணப்பத்தின் நகலை இணைத்துள்ளேன்.)

பதில்: இதே மனக்குறையோடு எனக்குக் கடிதம் எழுதிய நிருபர்கள் பலர் உண்டு. ஆகவே ஒதுக்குதல், கிராமம், நகரம் என்று நீங்கள் அழுத்தி எழுதியிருந்த வரிகளை எளிதாகக் கடந்து வந்துவிட்டேன். ‘அவளுக்கும் பொழுது போனதுபோல இருக்கும்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத்தான் என்னால் கடக்க முடியவில்லை.

பீடி சுற்றுகிற பெண்ணுக்குப் போக்குவதற்கென்று ஒரு பொழுது மிச்சம் இருக்கிறதா, தம்பி? முந்தின நாளே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் அளவுத் தகட்டை வைத்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சொளகை மடியில் போட்டுக்கொண்டு தூளை வைத்துச் சுருட்டி, வாயை மடக்கி, நூலைக் கட்டி, எண்ணிக் கட்டுப்போட்டு, கடை அடைக்கும் முன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மறுநாளைய இலையையும் தூளையும் வாங்கிவர வேண்டும். இதற்கிடையில் அடுப்படி வேலையும் இருக்கிறது. அத்தனையும் முடித்து, விரல் நுனி மரத்துப்போன கையோடு இரவில் உட்கார்ந்து அண்ணனுக்காக ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுகிறவள் செய்வது வேலை. அதுவும் கூலியில்லாத வேலை. எட்டயபுரத்துப் பாரதி 1904-இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்ட பெரும்பாலான வேலை ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவதுதான். அதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொன்னதில்லை.

நீங்கள் இணைத்திருந்த நகலையும் படித்தேன். முதல் பத்தியில் ஜனநாயகத்தின் நான்காவது தூண், சமூகத்தின் கண்ணாடி என்று வழக்கமான சரக்கு இருக்கிறது. அது நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதியதாக இருக்கும். மூன்றாவது பத்தியில் திடீரென்று எழுத்தின் நடையே மாறுகிறது. ஆயிரம் பீடிக்கென்று எடைபோட்டுக் கொடுத்த இலையில் ஓட்டை விழுந்ததையும் தடித்த நரம்புள்ளதையும் கழித்துவிட்டு, மிஞ்சியது போதுமா என்று கையால் அளைந்து பார்க்கும் ஒரு பெண், குறைகிற இலையைத் தன் கூலிக் காசிலேயே வெளியில் வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டுகிறாள். சுற்றிக் கொண்டுபோனதிலும் ஒரு பங்கைக் கடைக்காரர் கழித்துவிடுகிறார். இதை எழுதியவர் அந்தக் கடை வாசலில் வரிசையில் நின்றவர். நீங்கள் அங்கே நின்றதில்லை. உடன் நின்ற பெண்களிடம் பேச்சுக் கொடுத்து விவரம் கேட்டு வந்தவள் உங்கள் தங்கை என்று நான் ஊகிப்பது தவறானால் திருத்தி எழுதுங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன். தவறில்லை என்றால், ‘எத்தனை பேரிடம் பேசினீர்கள்?’ என்ற கேள்விக்கு நீங்கள் ஏன் தடுமாறினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவள் அடுத்த அறையில் இலை கத்தரித்துக் கொண்டிருந்தாள்.

தேர்வுக் குழுக்களில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: ஊர் சிறியது என்பதற்காக ஒரு விண்ணப்பத்தைத் தள்ளிவைத்த குழுவை நான் கண்டதில்லை. 1963-இல் தொடங்கப்பட்டு இப்போது சென்னை தரமணியில் இருந்து இயங்கும் பிரஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா போன்ற அமைப்புகள் வட்டார மொழிச் செய்தியாளர்களுக்கென்றே பயிலரங்குகள் நடத்தியிருக்கின்றன. அந்தக் குறையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

எதை மாற்ற வேண்டும் என்று கேட்டீர்கள். முதலில் அந்தத் தூணையும் கண்ணாடியையும் எடுத்து எறியுங்கள். குழுவில் இருப்பவர் ஒரே நாளில் அவற்றை ஐம்பது தடவை படித்திருப்பார். பயிலரங்கு எந்தப் பொருளைப் பற்றியதோ, அந்தப் பொருளில் நீங்கள் செய்து முடித்த ஒரு செய்தி, அதில் நீங்கள் முட்டி நின்ற ஓர் இடம், அந்த முட்டுக்கு இந்தப் பயிற்சி எப்படி வழிசெய்யும் என்பது ஆகிய மூன்றும் இருந்தால் ஒரு பக்கமே அதிகம். 2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி கரை கடந்தபோது ஆற்றங்கரை ஊரின் நிருபரான நீங்கள் வெளியில்தானே நின்றிருப்பீர்கள்? அன்று எந்தத் தகவலை உறுதி செய்ய முடியாமல் தவித்தீர்கள், யார் தொலைபேசியை எடுக்கவில்லை, எதைத் தவறாக அனுப்பிவிட்டு மறுநாள் வருந்தினீர்கள் என்று எழுதியிருந்தால் நானே உங்களை அழைத்திருப்பேன். ஒன்பது ஆண்டு அனுபவம் என்று எழுதிவிட்டு அதில் ஒரு நாளைக்கூடக் காட்டாத விண்ணப்பம் அது.

அடுத்தது செய்தி நறுக்குகள். பகுதி நேர நிருபரின் செய்தி பெரும்பாலும் பெயரில்லாமல்தான் வெளிவருகிறது. மாவட்டப் பக்கத்தில் வந்த நான்கு பத்திச் செய்தியை அனுப்பி ‘இது என்னுடையது’ என்றால் குழு எதை வைத்து நம்பும்? தேதி, பதிப்பு, பக்க எண் குறித்த பட்டியலோடு, இன்னின்ன செய்திகள் இவர் சேகரித்தவை என்று உங்கள் மாவட்ட அலுவலகப் பொறுப்பாளர் கையொப்பமிட்ட கடிதமும் வேண்டும். விளம்பரம் பிடித்துக் கொடுப்பதற்காக மட்டும் உங்களை நினைவு வைத்திருக்கும் அலுவலகமாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்தப் பட்டியலில் பீடி இலைச் செய்தி உங்கள் தனிப் பெயரில் இருக்கக் கூடாது.

இங்கே நான் கொஞ்சம் பழங்காலத்து மனுஷியாகப் பேசப்போகிறேன். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்தவன் தகப்பன் இடத்தில் நிற்கிறான் என்று நம்புகிறவள் நான்; அவனவன் வாழ்க்கை அவனவனுக்கு என்ற புதுப்பேச்சு எனக்கு ஒப்பாது. ஆனால் அந்த இடத்துக்கு உரிய கடமை, பவுன் சேர்த்து ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பதோடு முடிந்துவிடுவதாக நம் பக்கத்து அண்ணன்மார் பலர் நினைக்கிறார்கள். அவள் உழைப்பை அவள் பெயரில் எழுதி வைப்பதும் சீர்தான். ஒன்பது ஆண்டு நிருபராக இருந்து, ஊரான் வீட்டுக் கூலி பறிபோவதைச் செய்தியாக்கிய நீங்கள், சொந்த வீட்டில் நடப்பதைப் பார்க்கவில்லை என்பது எனக்குக் கோபமாக இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு. ‘அண்ணனுக்குத்தானே செய்கிறாய்’ என்று அவர் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.

மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போய், அந்தச் செய்திக்கு விவரம் சேகரித்தவர் யார் என்று சொல்லுங்கள். அடுத்த செய்தியை அவள் பெயரில் அனுப்புங்கள். நாளிதழ் போடாவிட்டால் ஏதாவது ஒரு வார, மாத இதழுக்கு அவளே எழுதட்டும். தனித்து எழுதுகிறவர்களையும் பல பயிலரங்குகள் ஏற்கின்றன, சொந்தப் பெயரில் வெளியான இரண்டு மூன்று கட்டுரைகள் இருந்தால் போதும். உங்கள் விண்ணப்பத்தை நீங்கள் தமிழில் முழுவதுமாக எழுதி முடியுங்கள். பிறகு மொழிபெயர்த்துத் தருமாறு அவளிடம் கேளுங்கள், எடுத்துக்கொள்ளாதீர்கள். முடியாது என்று அவள் சொன்னால் வெளியில் ஆள் பார்த்துக் காசு கொடுங்கள்.

வெளிநாட்டு அமைப்புகளின் இணையவழிப் பயிலரங்குகளுக்குக் கடைசி நேரம் பல சமயம் கிரீன்விச் நேரக் கணக்கில் இருக்கும். அங்கே இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 5.29. அவள் தன் முதல் விண்ணப்பத்தை எழுதுகிற அந்த ராத்திரி, மறுநாளைய இலையை நனைத்துச் சுற்றி வைப்பது உங்கள் வேலை. விடிவதற்குள் கத்தரித்தும் வையுங்கள். தகட்டை எப்படிப் பிடிப்பது என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம், அவளை எழுப்ப வேண்டாம்.