மைனஸ் 29 என்றால் மோசமான டிஃபன்ஸ்மேனா?

கேள்வி: ஐஸ் ஹாக்கியை அண்மையில்தான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். செக் நாட்டு டிஃபன்ஸ்மேன் (தற்காப்பு ஆட்டக்காரர்) ரோமன் ஹம்ர்லிக்கின் ஆட்டக் கணக்கு அட்டவணை கையில் கிடைத்தது. 1992 டிராஃப்டில் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் தேர்வு, வட அமெரிக்க லீகான என்.எச்.எல்.லில் 1,395 ஆட்டங்கள் என்கிறது. ஆனால் 1996–97 வரியில் பிளஸ்–மைனஸ் −29. ஒரு சீசனில் இரண்டு அணிகள். இன்னொரு சீசனையே காணோம். இவர் நல்ல வீரரா, இல்லையா? இதை எப்படிப் படிப்பது?

பதில்: நல்ல வீரர்தான். அதைச் சொல்வது பிளஸ்–மைனஸ் கட்டம் அல்ல, முதலில் இருக்கும் ஆட்ட எண்ணிக்கைக் கட்டம். டிஃபன்ஸ்மேனின் அட்டவணையை இடமிருந்து வலமாகப் படியுங்கள். வலப்பக்கம் போகப் போக அணியின் பங்கு கூடும், வீரரின் பங்கு குறையும்.

பிளஸ்–மைனஸின் விதியை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரு அணியிலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் நிற்கும்போதோ, ஆள் குறைந்த அணியாலோ கோல் விழுந்தால், போட்ட அணியில் அப்போது ஐஸில் நின்ற ஒவ்வொருவருக்கும் +1, வாங்கிய அணியில் நின்றவர்களுக்கு −1. கோல்கீப்பருக்கு இந்தக் கணக்கு இல்லை. எதிரணி ஆள் பெனால்டியில் உட்கார்ந்திருக்கும்போது, அதாவது பவர் ப்ளேயில், போடும் கோலுக்கு யாருக்கும் பிளஸ் கிடையாது. அதே பவர் ப்ளேயில் நம் அணி ஏமாந்து ஒரு கோல் வாங்கினால் மட்டும் ஐஸில் நிற்பவர்களுக்கு −1 உண்டு. பந்து வீசியவர் கொடுத்த ரன்னைக் களத்தில் நின்ற பதினொரு பேர் கணக்கிலும் எழுதுவது போன்ற ஏற்பாடு இது.

இப்போது ஹம்ர்லிக்கின் 1995–96 வரிக்கு வாருங்கள். 82 ஆட்டம், 16 கோல், 49 அசிஸ்ட் (மற்றவர் கோலுக்கு உதவிய பாஸ்), இரண்டும் சேர்ந்து 65 புள்ளிகள், பிளஸ்–மைனஸ் −24. அந்த ஆண்டு அவருடைய அணியான டாம்பா பே லைட்னிங் 38 வெற்றி, 32 தோல்வி, 12 டிராவுடன் முதன்முறையாகப் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கு, போனது. அணி ஜெயிக்கிறது, வீரர் கோல் அடிக்கவும் உதவுகிறார். பிறகு ஏன் மைனஸ்? பவர் ப்ளேயைப் பின்னிருந்து நடத்தும் டிஃபன்ஸ்மேனின் உழைப்பில் பெரும்பகுதி பிளஸாகப் பதிவாவதே இல்லை. எதிரணியின் சிறந்த வரிசை இறங்கும்போதெல்லாம் அவரையே இறக்குவார்கள். கடைசி நிமிடத்தில் பின்தங்கிய அணி கோல்கீப்பரை வெளியே எடுத்துக் கூடுதல் ஆளை விடும்போதும் அவர்தான் ஐஸில் இருப்பார். அப்போது காலி வலையில் விழும் கோலும் அவர் தலையில்தான்.

1996–97இன் −29க்கு இன்னொரு காரணமும் உண்டு. முந்தைய ஆண்டு 57 ஆட்டங்களில் வலை காத்த டேரன் பப்பா, முதுகுக் காயத்தால் அந்த ஆண்டு 6 ஆட்டங்களே ஆடினார். கோல்கீப்பர் மாறினால் முன்னால் நிற்கும் டிஃபன்ஸ்மேனின் எண்ணும் மாறும். ஆகவே இந்தக் கட்டத்தை ஒப்பிட வேண்டுமென்றால் அதே அணியின், அதே ஆண்டின் மற்ற டிஃபன்ஸ்மேன்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். வேறு அணி ஆளோடு வைத்துப் பார்ப்பது வீண்.

இரண்டு அணி வரும் வரி 1997–98. டாம்பாவில் 37 ஆட்டம், 15 புள்ளிகள். 1997 டிசம்பர் இறுதியில் எட்மன்டன் ஆயிலர்ஸுக்கு மாற்றப்பட்டபின் 41 ஆட்டம், 26 புள்ளிகள். கீழே ‘மொத்தம்’ என்று மூன்றாவது வரி இருக்கும். புதியவர்கள் மூன்றையும் கூட்டிவிட்டு, கணக்கு ஏன் 1,395ஐத் தாண்டுகிறது என்று முழிப்பார்கள். அந்த ஆண்டு டாம்பா 82இல் 17 ஆட்டமே வென்றது. அணி மாறியதும் ஆட்டத்துக்கு 0.41 புள்ளி 0.63 ஆனதைத் திடீர்த் தேர்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காணாமல் போன சீசன் 2004–05. உரிமையாளர்கள் லாக்அவுட் (கதவடைப்பு) அறிவித்து, அந்த ஆண்டு என்.எச்.எல். நடக்கவே இல்லை. ஹம்ர்லிக் சொந்த ஊரான ஸ்லீனின் அணிக்கு ஆடினார். அது செக் லீக் பகுதியில் தனியாக இருக்கும். விளம்பரதாரரின் பெயர் அணிப் பெயரில் ஒட்டிக்கொள்வது அங்கே வழக்கம் என்பதால், ஒரே கிளப் 1990களில் ‘இசட்.பி.எஸ். ஸ்லீன்’ என்றும் பிறகு ‘ஹாமே ஸ்லீன்’ என்றும் வரும். பிறந்த ஊர் ‘கோட்வால்டோவ்’ என்றிருந்தாலும் அதே ஊர்தான். 1949 முதல் 1990 வரை அதற்கு அந்தப் பெயர்.

1994–95, 2012–13 இரண்டும் லாக்அவுட்டால் 48 ஆட்டங்களாகச் சுருங்கியவை. அவருடைய முதல் இரண்டு சீசன்களோ 84 ஆட்டங்கள் கொண்டவை. ஆகவே புள்ளிகளை அப்படியே பார்க்காமல் ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். வாழ்நாள் கணக்கு 155 கோல், 483 அசிஸ்ட், 638 புள்ளிகள். 1,395ஆல் வகுத்தால் 0.46, 82 ஆட்டச் சீசனுக்குச் சுமார் 37.5 புள்ளிகள். இரண்டு பத்தாண்டுக்கு ஒரு டிஃபன்ஸ்மேனிடமிருந்து இது சிறந்த வரவு.

காலத்தின் பங்கையும் கழித்துப் பார்க்க வேண்டும். 1995–96இல் ஓர் ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து சராசரியாக 6.3 கோல் போட்டன. 2003–04இல் அது 5.1. அந்த 65ஐ 5.1ஆல் பெருக்கி 6.3ஆல் வகுத்தால் சுமார் 53. அவர் பிற்காலத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு ஆடிய ஆண்டுகளோடு ஒப்பிட இந்த 53தான் நியாயமான எண்.

வீழ்ச்சியை ஆட்ட எண்ணிக்கையே காட்டும். கால்கரி, மான்ட்ரியால் கடந்து வாஷிங்டனுக்கு வந்தவர், 2012–13இல் அங்கே 4 ஆட்டம்தான் ஆடினார். மார்ச்சில் வேவர்ஸ் (ஓர் அணி விடும் வீரரை மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளும் முறை) வழியே நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கே 12 ஆட்டம். பயிற்சியாளருக்கு நம்பிக்கை போனால் டிஃபன்ஸ்மேனின் முதல் கட்டம்தான் முதலில் சுருங்கும். அதே ஆண்டு இறுதியில் ஓய்வு.

இந்த அட்டவணையில் வராத ஒன்று: 1998 நாகானோ ஒலிம்பிக் தங்கம். சர்வதேச ஆட்டங்கள் கிளப் மொத்தத்தில் சேராது, தனிப் பகுதியில் பாருங்கள். என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை என்பதால் இதைத் தவறவிட்டால் மதிப்பீடு கோணலாகிவிடும். இறுதிப் போட்டியில் ரஷ்யாவை 1–0 என வென்ற அந்தச் செக் அணிக்கு ஒற்றைக் கோலைப் போட்டவரும் ஒரு டிஃபன்ஸ்மேன்தான், பெட்ர் ஸ்வொபோடா.